ஒன்பது இருபது மெயில்

"மெயில் வந்தா சத்தமே வர மாட்டேங்குது, என்னான்னு பாரு தம்பி" என்று முதலாளி கூப்பிட்டதும், குமாஸ்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சத்தம் வரவில்லையென்றால் பார்க்கவில்லை. பார்க்கவில்லையென்றால் வேலை இன்னும் இருக்கிறது.

காலை ஒன்பது இருபதுக்குத்தான் ராஜினாமாக் கடிதத்தை அனுப்பியிருந்தார். முந்தின நாள் வாடிக்கையாளர் முன்னால் வாங்கிய திட்டு வயிற்றில் கிடந்து புளித்துப் பொங்கிவிட்டது. 'நாற்காலி விற்கும் கம்பெனியில் பதினோரு வருஷமாக எனக்கு மட்டும் சக்கரம் உடைந்த நாற்காலி, அதற்கு முட்டு நம் பழைய விலைப்பட்டியல்' என்று ஒரு வரியையும் சேர்த்துத் தட்டிவிட்டார்.

ரோஷம் ஒரு டீ ஆறுகிற நேரம்தான் தாங்கியது.

அப்புறம் சின்னவளின் பள்ளிக்கூடம், பெரியவளின் காலேஜ், விஷயமே தெரியாத வீட்டுக்காரி என்று ஒவ்வொன்றாக வந்து கண்முன் நின்றன.

கண்ணாடி அறைக்குள் போய் முதலாளியின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். காலையில் தான் அனுப்பிய மெயில் மேலிருந்து நாலாவதாக, திறக்காததைக் காட்டும் தடித்த எழுத்தில் கிடந்தது.

முதலாளியோ தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்.

குமாஸ்தா அவசரமாக செட்டிங்ஸ் பெட்டியைத் திறந்து, இழுத்து, அந்த மெயிலின் மேலேயே போட்டு மறைத்தார்.

ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. புது மெயில் வந்தால் ஒலி எழுப்பு, மூலையில் அறிவிப்புக் காட்டு என்ற இரண்டு கட்டத்திலும்தான் டிக் இல்லை. யாரோ மெனக்கெட்டு எடுத்திருக்கிறார்கள். யார் கை வைத்தது என்று விசாரிக்கிற நிலையில் அவர் இல்லை.

அந்த நேரம் பார்த்து முதலாளி போனைக் காதில் வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி, யாரிடமோ பேரம் பேச ஆரம்பித்தார். மூன்று வார்த்தையில் வியாபாரத்தை முடிக்கிற மனுஷர், இன்று இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். முதுகு மட்டும் திரும்பவேயில்லை.

குமாஸ்தா பெட்டியை நகர்த்தினார். அழித்தார். குப்பைத் தொட்டியைத் திறந்து அங்கேயும் அழித்தார். இரண்டு டிக்கையும் போட்டார்.

முதுகில் ஏறி உட்கார்ந்திருந்த யானை மெல்ல இறங்கிப் போனது.

சரியாக அப்போது போனை வைத்த முதலாளி, அவரவர் சீட்டிலிருந்து அனுப்பிப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும், போய் ஒரு மெயில் அனுப்பு என்றார்.

சீட்டுக்கு வந்தால் பழைய நாற்காலியைக் காணோம். கைப்பிடியும் தலைச்சாய்ப்பும் வைத்த புதுசு ஒன்று, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றது. கடையில் இருப்பதிலேயே உசத்தி. விலைப்பட்டியலைத் தூசி தட்டி மேஜைமேல் வைத்திருந்தார்கள்.

எந்த வாடிக்கையாளருக்கோ போக வேண்டியதை இடம் தெரியாமல் இறக்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். உறையில் கை படாமல், ஓரமாக நின்றபடியே 'டெஸ்ட்' என்று அடித்து அனுப்பினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிங் என்றது.

"கேட்டுதா முதலாளி?"

"ஒன்பது இருபதுக்கே கேட்டுச்சு. நின்னுக்கிட்டு அடிக்காத, உக்காரு."