சர்க்கரை தொட்ட இட்லி

பங்குச்சந்தைக்கு அன்று விடுமுறை. இட்லிக்குச் சர்க்கரைதான் தொட்டுக்கொள்வேன் என்று திருச்சி கவுஸ் எழுதியதைப் பிடித்துக்கொண்டு, முதலீட்டாளர் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அவரை வறுத்தெடுத்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்த ஜெயராணியும் விடவில்லை. "அது இட்லிக்குச் செய்யுற துரோகம், பாய்" என்று தட்டினாள். உள்ளே அவள் கணவர் வில்சனின் நெஞ்சைத் திறந்திருந்தார்கள். முடிந்துவிடும் என்று டாக்டர் சொன்ன நேரம் எப்போதோ தாண்டிவிட்டது.

"என்ன மேடம், வரிக்கு வரி எழுத்துப் பிழை? எங்க இருக்கீங்க?" என்று குழுவில் கேட்டார் கரூர் முத்துவேலப்பன்.

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. சொல்லிவிட்டாள்.

குழு அப்படியே அடங்கிப்போனது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வேகமாக ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் எழுதினாள்: "தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. இட்லியப் பத்தியே பேசுங்க."

கவுஸிடமிருந்து குரல்பதிவு ஒன்று வந்தது. இத்தனை வருடங்களில் அவர் குரலை அவள் கேட்டதே இல்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எங்க அத்தா காலத்துலேர்ந்து சர்க்கரைதாம்மா. இட்லி சூடா இருக்கணும். சர்க்கரை பாதி கரையணும்..." அவர் குரல் உடைந்தது. செருமிக்கொண்டு, சண்டைக்காரரைப் போலவே மேலே பேசினார். "சட்னி கிட்டவே வரக் கூடாது, சொல்லிட்டேன்!"

கதவு திறந்தது. "வில்சன்கூட வந்தது யாரு?" என்றாள் நர்ஸ்.

ஜெயராணி போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்து நின்றாள்.