முறைப்பாட்டுக்காரி

"படத்த நான் பாக்கத் தேவல்ல, அம்மா. வெக்கப்பட ஒண்ணுமில்ல. மெசேஜ மட்டும் காட்டுங்க," என்றாள் நிம்றா.

பொலிஸ் நிலையத்தின் பெண்கள் சிறுவர் பிரிவில், ஜெகதீஸ்வரி கைத்தொலைபேசியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வாசல் வரை இரண்டு தரம் வந்து திரும்பிப் போய், மூன்றாம் தரம்தான் உள்ளே காலை வைத்தவள். குடையால் முகத்தை மறைத்துக்கொண்டுதான் வாகனம் ஓயாத காலி வீதியைக் கடந்தாள். வெள்ளவத்தையில் ஒருத்தி பொலிசுக்குப் போனால் போதும், அவள் வீடு திரும்புமுன் கதை லண்டனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

நிம்றாவுக்கு முப்பது வயதுகூட இராது. ஆனாலும் சீருடைக்கு ஒரு மரியாதை இருக்கிறதே, "மிஸ்" என்றுதான் கூப்பிட வந்தது.

"நீங்களே வாசிங்க. நான் சிங்களத்துல எழுதிக்கிறன்."

பேனா எழுதவில்லை. நிம்றா உதறிப் பார்த்தாள், வேறொன்றை எடுத்தாள். அதுவும் எழுதவில்லை. சுவர் மணிக்கூட்டில் மூன்றேகால். ஐந்து மணிக்குள் ஒரு பெண்ணின் வாழ்க்கை கவிழப் போகிறது, இங்கே பேனா மை விடமாட்டேன் என்கிறது! மூன்றாவது பேனாதான் எழுதத் தொடங்கியது.

"புள்ளட பேரு?"

"சுபாஷினி. கொட்டாஞ்சேனையில ஒரு உடுப்புக் கடையில வேலை. அங்கயே ரூம் எடுத்து இருக்கிறா."

"ஏன் கூட்டிக்கிட்டு வரல்ல?"

"அவ வரமாட்டா, மிஸ். பொலிஸ் எண்டாலே பயம்."

ஜெகதீஸ்வரி திரையை விரலால் தள்ளினாள். வலப்பக்கத்துப் பச்சைக் கட்டங்களில் வெருட்டல், இடப்பக்கத்து வெள்ளைக் கட்டங்களில் கெஞ்சல். பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்புவிப்பதுபோல ஒரே குரலில் வாசித்தாள்.

"'இண்டைக்கு அஞ்சு மணிக்கு நான் சொன்ன ரூமுக்கு வா. வராட்டி படமெல்லாம் உன்ர அப்பாவுக்குப் போகும்.' அதுக்குப் பிள்ளை, 'கும்பிட்டுக் கேக்கிறேன், அப்பா உசுர விட்டுருவாரு' எண்டு எழுதியிருக்கிறா."

வாய் வாசித்தது. மனசு எங்கோ மரத்துப்போய்க் கிடந்தது. மத்தியானம் இதை முதன்முதலாகப் படித்தபோது இருந்த பதைப்புக்கூட இப்போது இல்லை. அழுதால் கொஞ்சம் ஆறும் என்று பார்த்தால், பாழாய்ப்போன அழுகையும் வந்து தொலைக்கவில்லை.

"அவனுக்கு ஏதும் குடுத்தாங்களா? சல்லி, நகை?"

"சங்கிலியைக் கழட்டிக் குடுத்திருக்கிறா. அதுக்குப் பிறகும் விடேல்லை."

"விடமாட்டானுகள். ஒருக்கா குடுத்தா, பயந்துட்டாங்கண்டு தெரிஞ்சிரும். பிறகு கேட்டுக்கிட்டே இருப்பான். இனி ஒண்ணும் குடுக்க வாணாம், பதிலும் எழுத வாணாம். ஒரு மெசேஜையும் அழிச்சிராதீங்க, அதான் சாட்சி."

கைத்தொலைபேசி அதிர்ந்தது. திரையில் 'வீடு' என்று விழுந்தது. ஜெகதீஸ்வரி அதைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வீட்டுலருந்து தேடுறாங்க போல. எடுத்துக் கதைங்க."

"பிறகு கதைக்கலாம், மிஸ். நீங்கள் எழுதுங்கோ."

அது அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. அவள் அசையவில்லை.

நிம்றா பேனாவை வைத்துவிட்டு அவளை இரக்கத்தோடு பார்த்தாள். "அம்மா, ஒண்ணு செல்றன், கேளுங்க. புள்ளட மேல ஒரு பிழையும் இல்ல. நீங்க வளத்த வளர்ப்புலயும் பிழையில்ல. அப்பிடி நெனச்சு உங்களப் போட்டு வதைக்க வாணாம்."

இவ்வளவு நேரமும் கல்லுப்போல இருந்தவளுக்கு அந்த ஒரு சொல் சுருக்கென்று தைத்தது. வளர்ப்பாம் வளர்ப்பு! பசி தெரியாமல், ஏச்சுத் தெரியாமல், கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்து வளர்த்த வளர்ப்பு.

"நான் இதில கையெழுத்து வச்சால், அவனைப் பிடிப்பியளோ?"

"பிடிக்காம? நீதவானுக்கு முன்னால கொண்டுபோய் நிப்பாட்டுவோம்."

"படிக்கிற பெடியன் எண்டாலும்?"

"படிச்சா மட்டும்? நீங்க என்னம்மா, அவனுக்குப் போய்ப் பாவம் பாக்குறீங்க!"

ஜெகதீஸ்வரி பேனாவை வாங்கினாள். காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள். எழுத்து நேராகவே விழுந்தது. இந்தக் கை தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"சரி. இப்ப முதல் வேல, புள்ளைக்கு ஒரு கோல் எடுங்க. அந்த ரூமுக்குப் போக வாணாம், பொலிஸ் பாத்துக்கும் எண்டு செல்லுங்க. நாலு மணியாகப் போகுது."

"நீங்கள் உங்கட போனில எடுங்கோ, மிஸ். இதில இருந்து எடுத்தால் பிள்ளை பயந்திடும்."

"என்ன கதை இது? பெத்த அம்மாட குரலக் கேட்டா இருக்குற பயமும் போயிரும். எடுங்க."

ஜெகதீஸ்வரி கைத்தொலைபேசியை மேசையில் வைத்து, நிம்றாவின் பக்கம் மெதுவாகத் தள்ளினாள்.

"அந்தப் பிள்ளை என்னைக் கண்டதேயில்லை, மிஸ். நான் அவன்ர அம்மா."