சிபாரிசு செய்தவர்கள்

"செத்தவன் எப்படிய்யா எழுதுவான்?" என்று கேட்டார் மருந்துக் கடை உதுமான்.

ஆண்ட்ரூ கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தான்.

பர்மாவில், யாங்கோனில் உள்ள கடைகளைத் தேடிக் கொடுக்கும் இணையதளம் அது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற பிள்ளைகள், ஊரில் உள்ள அப்பா அம்மாவுக்கு மருந்து வேண்டுமென்றால் அதில் தேடித்தான் கடைக்குப் போன் செய்கிறார்கள். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் மருந்துக் கடை என்று தேடினால் உதுமான் கடைதான் முதலில் வரவேண்டும். அதற்காகவே ஆண்ட்ரூவை வேலைக்கு வைத்திருந்தார்.

இப்போது முதலில் வருவது ஆபிரகாம் கடை. எதிர்ச்சந்தில் ஒரு பீரோ அகலத்துக்கு இருக்கிற கடை. பெயர்ப்பலகைகூட ஒழுங்காக இல்லை.

"வாடிக்கையாளருங்க புதுசா நாலு நல்ல வார்த்தை எழுதினா கடை மேல போகும் பாய். அவருக்குப் போன வாரம் மட்டும் ஆறு பேர் எழுதியிருக்காங்க."

முதல் பெயர் அய்யாசாமி, ரயில்வே லைன் வீடு. 'நல்ல மனிதர். இவர் கடைக்குப் போங்கள்' என்று போன வாரத் தேதியில் எழுதியிருந்தது. புயலடித்த வருஷம் அய்யாசாமியைச் சுடுகாட்டுக்கு எடுத்தபோது உதுமானும் பின்னால் நடந்து போனவர்தான்.

உதுமான் கடைக்கும் பதினோரு பழைய பாராட்டு உண்டு. பதினொன்றையும் ஆண்ட்ரூவே உட்கார்ந்து எழுதினான் என்பது வேறு விஷயம். அதற்காகச் செத்தவர்களை எழுப்பிக் கொண்டுவந்து வியாபாரம் செய்கிற அளவுக்கு அவர் இறங்கவில்லை.

"ஆறு பேரையும் விசாரிச்சு, எழுதி வார்டு ஆபீசுல கொடுக்கறேன். அவன் கடைக்கு சீல் வைப்பாங்க" என்று நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினார்.

அய்யாசாமியின் மனைவி வேலம்மா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"ஆபிரகாம் கடையப் பத்திக் கம்ப்யூட்டர்ல எழுதினது யாரு?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவர் போய் ரெண்டு வருஷமாச்சே."

"ஆமா" என்றாள் வேலம்மா. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "அவர்தான் எழுதினாரு."

கதவு சாத்திக்கொண்டது.

அடுத்தது சபாபதி வீடு. கூடத்தில் அவர் படத்துக்குப் புதுப் பூ வைத்திருந்தார்கள். மகள் கலா கண்ணைக்கூட இமைக்காமல், "அப்பாதான் எழுதினாரு. எதுவா இருந்தாலும் அவரையே கேட்டுக்குங்க" என்றாள்.

பர்கத்துல்லா வீட்டில் கேள்வி கேட்பதற்கு முன்பே மகன் மரணச் சான்றிதழை எடுத்து நீட்டி, "வாப்பாதான் எழுதினாங்க" என்றான்.

ஆறு வீடு. ஆறும் இறந்தவர்கள் வீடு. ஆறிலும் ஒரே பதில், ஒரே குரலில். பட்டப்பகலில் உதுமான் வாய்க்குள் ஓதிக்கொண்டே ஆண்ட்ரூவிடம் திரும்பி வந்தார்.

ஆண்ட்ரூ மறுபடியும் திரையை அவர் பக்கம் திருப்பினான்.

"பாய், நீங்க போன பிறகு ஏழாவதா ஒண்ணு வந்திருக்கு."

சைதா பீவி. அதன் கீழே உதுமானின் வீட்டு விலாசம்.

'ஒரே ஒரு மாத்திரை கேட்டாலும் அட்டையை வெட்டிக் கொடுப்பவர். யாரையும் வாசலில் இருந்து விரட்ட மாட்டார்.'

சைதா பீவி உதுமானின் தாயார். மண்ணுக்குள் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. 'முழு அட்டையா வாங்கு, இல்லேன்னா நடையைக் கட்டு' என்று உதுமான் தினம் பத்துப் பேரிடமாவது சொல்வார். பெற்ற தாயே கபுறிலிருந்து பதில் சொன்னது போலிருந்தது. அவர் செருப்பை மறந்து வீட்டுக்கு ஓடினார்.

அவர் மனைவி மதீனா பீவி புளிச்சகீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மதீனா, உம்மா பேருல..."

"நான்தான் எழுதினேன்" என்றாள் நிமிராமல். "நீங்க நோட்டோட வீடு வீடாப் போறீங்கன்னு தெரிஞ்சதும், முனையில இருக்கிற நெட் கடைக்குப் போய் எழுதினேன்."

"அப்ப மத்த ஆறு பேரு?"

"அவங்க வீட்டு ஆளுங்க எழுதினது. எல்லாம் நீங்க முழு அட்டை வாங்கச் சொல்லி விரட்டினவங்க. பின்சந்துல வச்சு ஆபிரகாம் கடைக்கு வழி சொல்லி அனுப்பினது நான்தான். வியாபாரம் இல்லாம அவர் கடையை மூடப் போறாருன்னு தெரிஞ்சதும் ஆளாளுக்கு எழுதணும்னாங்க. ஆனா இந்த ஊர்ல உயிரோட இருக்கறவன் பேரு கம்ப்யூட்டர்ல ஏறினா, நாளைக்கு ஆபீஸ்காரங்களோ பட்டாளமோ வந்து கூட்டிட்டுப் போயிருவாங்கன்னு பயம். செத்தவங்களை யாரு கூட்டிட்டுப் போக முடியும்? அந்த ஆளுங்க முன்னால நீங்க நோட்டும் பேனாவுமாப் போய் நின்னா, வேற என்ன சொல்லுவாங்க?"

உதுமான் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். ஆறு பெயர், ஆறு விலாசம்.

"வார்டு ஆபீசுல கொடுக்கறதா இருந்தா நம்ம விலாசத்தையும் சேர்த்து எழுதிக் கொடுங்க" என்றாள் அவள்.

அவருக்குக் கோபமும் வரவில்லை, நோட்டை மூடவும் கை வரவில்லை.

"அவங்க பயந்தாங்க, சரி. நீ எதுக்கு உம்மா பேரைப் போட்டே? என் பொண்டாட்டிகிட்ட வந்து கேக்கற தைரியம் இந்த வார்டுல எவனுக்கு இருக்கு?"

மதீனா பீவி அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ஆபீஸ்காரங்க வந்து கதவைத் தட்டுவாங்கன்னு அவங்களுக்குப் பயம். எனக்கு, கதவைத் தட்டாம உள்ள வர்ற உங்களைத்தான் பயம்."