குட்டிப் பச்சோந்தி

"கரண்டியால எல்லாம் தூக்கக் கூடாது மாமா. கையிலதான் எடுக்கணும்!"

உகாலிக் களி கிண்டும் மரக்கரண்டியை நீட்டியபடி ஜன்னலோரம் நின்றிருந்த ஹோசா, அசடு வழியத் திரும்பினார். தொட்டிச் செடியின் கிளையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பச்சோந்தி. ஒரு கண்ணால் கரண்டியையும் மறு கண்ணால் அவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"கடிக்காதில்ல?"

"கடிக்காது. ஆனா கடிச்சா விடாதுன்னு சொல்வாங்க" என்றாள் சிஹாபா, பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டே.

ஹோசா லாரி ஓட்டுகிறவர். லுஷோட்டோ மலையின் வளைவுகளில், பனிமூட்டத்தில், முட்டைக்கோஸ் மூட்டைகளோடு கடலோர நகரமான டாங்கா வரை இறங்குகிற ஆள். பச்சோந்தி என்றால் மட்டும் சின்ன வயதிலிருந்தே குலைநடுக்கம். ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். வழியில் அது குறுக்கே வந்தால் சுற்றிக்கொண்டு போவார்கள்.

சிஹாபாவின் அம்மா ஹிதாயாவைக் கல்யாணம் செய்துகொண்டு அவர் இந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. சிஹாபா பச்சோந்தியைக் கொண்டுவந்து மூன்று நாள்.

முதல் நாள் அது அவர் செருப்பில் உட்கார்ந்திருந்தது. மறுநாள் டீக் குவளையின் பிடியில். நேற்று தலையணையில். ஒவ்வொரு முறையும் ஹோசா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகளெல்லாம் கூண்டை விட்டு ஓடின.

"தானா ஊர்ந்து வந்திருக்கும் மாமா" என்பாள் சிஹாபா.

ஹிதாயாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏங்க, நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே கொண்டுபோய்க் காட்டுல விடச் சொல்றேன்."

"வேணாம் விடு. சின்னப் பொண்ணு, எவ்வளவு ஆசையாக் கொண்டுவந்திருக்கு!"

"ஆசையாம் ஆசை! கொண்டுவந்ததோட சரி. தண்ணி வைக்கிறது யாரு? பூச்சி பிடிக்கிறது யாரு? நீங்கதானே?"

அது உண்மைதான். கிண்ணத்தில் வைத்த தண்ணீரை அது திரும்பிக்கூடப் பார்க்காததால், கிராமத்துக் கால்நடை டாக்டரிடம் போய்க் கேட்டு வந்தவர் அவர். இலைமேல் சொட்டுச் சொட்டாகத் தெளித்தால்தான் குடிக்குமாம். காலை வெயில் வேண்டுமாம், ஒதுங்க நிழலும் வேண்டுமாம். பொடிப் பூச்சிகளாகத்தான் கொடுக்க வேண்டுமாம். அதற்காக வாழைப்பழத் தோலை அழுகவிட்டு, மொய்க்கிற பழ ஈக்களைப் பிடிப்பார். பிடித்ததைக் கிளையருகே விட்டதும் பத்தடி பின்னால் போய்விடுவார்.

"ரொம்ப முக்கியம், அடிக்கடி எடுத்து எடுத்து விளையாடக் கூடாதாம்மா. பயந்துடுமாம்" என்று சிஹாபாவிடம் சொல்லிப் பார்த்தார். அவள் காதில் வாங்கவில்லை.

அடுத்த நாள் காலை அது கிளையில் இல்லை. அவருடைய லாரிச் சாவி மாட்டியிருந்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பு கரிக்கட்டை மாதிரிக் கறுத்திருந்தது. கண்கள் உள்ளே போய், பட்டப்பகலில் மூடியிருந்தன.

இந்த முறை ஹோசா சத்தம் போடவில்லை.

"என்னாச்சு அதுக்கு?" என்றாள் சிஹாபா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நீ பள்ளிக்கூடம் போ. நான் பார்த்துக்கிறேன்."

"உங்களுக்கு இன்னிக்கு டாங்கா லோடு இருக்கே?"

"வேற ஆள் போவான்."

சாயங்காலம் அவள் ஓடிவந்தபோது, ஹோசா கொல்லைப்புற வெயிலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்துகொண்டிருந்தது. பற்களைக் கடித்து, கண்களை இறுக்கி மூடியிருந்தார். நீட்டிய வலது கையின் கட்டைவிரலைப் பச்சோந்தி நாலு காலாலும் பற்றியிருந்தது. இடது கையில் ஈரத்துணி.

"மாமா!"

"கத்தாதே. இப்பதான் தண்ணி குடிச்ச மாதிரி இருக்கு. கிளையில விட்டா விழுந்துடுது. விரலைத்தான் பிடிச்சுக்குது."

"எவ்வளவு நேரமா?"

"மத்தியானத்துலேருந்து. கண்ணைத் திறந்தா உதறிடுவேன்னு பயம், அதான் மூடிக்கிட்டிருக்கேன். இப்ப என்ன நிறத்துல இருக்கு, நீயே பார்த்துச் சொல்லு."

சிஹாபா குனிந்து பார்த்தாள். வாலிலிருந்து மெல்ல மெல்லப் பச்சை ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கண் திறந்து அவளைப் பார்த்தது.

"பச்சை மாமா... பச்சை ஆயிடுச்சு" என்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "நான்தான் மாமா... நான்தான் செருப்புல வச்சேன், தலையணையில வச்சேன். இதை ஆசைப்பட்டெல்லாம் கொண்டுவரல. நீங்க பயந்துபோய் இந்த வீட்டை விட்டே ஓடிடணும்னுதான்..."

"தெரியும்" என்றார் ஹோசா.

அவள் அழுகை நின்றது. "எப்படி?"

"பேரிக்காய் விக்கிற கிங்காசிகிட்டத்தானே பிடிச்சுத் தரச் சொல்லிக் கேட்டே? அவன் அன்னிக்கே வந்து என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான். யாரோ ஒருத்தன் திடீர்னு வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்தா உனக்குக் கோபம் வராதா பின்ன?" கண்ணைத் திறக்காமலே ஹோசா சிரித்தார். "'அந்தப் பொண்ணு கேட்டதைக் குடுத்துடுப்பா, ஆனா குட்டியாப் பார்த்துக் குடு'ன்னு அவனை அனுப்பினதே நான்தான். பெரிசா இருந்தா நிஜமாவே ஓடியிருப்பேன்!"