சூப் பாத்திரத்து எண்ணெய்

“டெல்மர், உன் விமானம் அழுவுதுப்பா!”

விமான கிளப் நண்பர் ஹோபர்ட் சொன்னதும் கொட்டகையே சிரித்தது.

டெல்மர் சொந்தமாகக் கட்டிவரும் சின்ன விமானம் அது. இன்னும் துணி போர்த்தவில்லை. வெறும் எஃகுக் குழாய்க் கூடு. குழாய்க்கு உள்ளே துரு பிடித்தால் வெளியே தெரியாது. அதனால் ஆளி விதை எண்ணெயைச் சுடவைத்து உள்ளே ஊற்றி, கூட்டை உருட்டிப் புரட்டி, மிச்சத்தை வடித்திருந்தார்.

இப்போது ஒரு மூட்டில் ஊசிமுனை அளவு கசிவு. அவரே அதைச் சுற்றிச் சாக்கட்டியால் வட்டம் போட்டிருந்தார்.

“நல்லவேளை, எண்ணெய் காட்டிக் கொடுத்திருச்சு. மறுபடி வெல்டிங் வெச்சுடறேன்,” என்றார்.

“என் வண்டிக்குச் சொட்டு எண்ணெய் ஊத்தினதில்ல!” ஹோபர்ட் தானே கட்டி முடித்த சிவப்பு விமானத்தைத் தட்டினார். “என் வெல்டிங்ல காத்துகூட நுழையாது. துரு எங்கேருந்து வரும்?”

டெல்மர் மனைவி ஆர்லீனை ஓரக்கண்ணால் பார்த்தார். பக்கத்து இருக்கையில் அவளை உட்காரவைத்துப் பறக்க வேண்டும் என்றுதான் இத்தனை வருஷப் பாடு.

“இதுக்கா ஒரு வாரம் என் சூப் பாத்திரத்துல எண்ணெய் காய்ச்சினே?” என்றாள் ஆர்லீன். “வீடு பூரா நாத்தம். கடைசியில ஓட்டை! நான் ஏற மாட்டேன், சாமி.”

“என்கூட வாம்மா,” என்றார் ஹோபர்ட். “மிச்சிகன் ஏரியையே ஒரு சுத்து சுத்திக் காட்டறேன்.”

“வர்றேன். முதல்ல சாப்பிடுங்க.”

டெல்மரின் முகம் தொங்கிப்போனது.

கிளப்பின் சனிக்கிழமை விருந்துக்கு ஆர்லீன் ஆப்பிள் பை செய்து வந்திருந்தாள். மேஜையில் இடமில்லாததால் சிவப்பு விமானத்தின் வாலடியில் ஒரு ஸ்டூலில் வைத்திருந்தாள். கத்தியோடு குனிந்தவள் அப்படியே நின்றாள்.

வெள்ளை க்ரீம் மேல் மஞ்சளாக ஒரு சொட்டு. அண்ணாந்து பார்த்தாள். வாலடியில் அடுத்த சொட்டு திரண்டுகொண்டிருந்தது.

டெல்மரும் பார்த்தார்.

“வெண்ணெய் உருகியிருக்கும்மா...” என்று இழுத்தார் ஹோபர்ட்.

ஆர்லீன் விரலால் தொட்டு முகர்ந்தாள்.

“என் சூப் பாத்திரத்து நாத்தம் எனக்குத் தெரியாதா?”

சொட்டு விழுந்த துண்டை வெட்டி ஹோபர்ட்டின் தட்டில் வைத்துவிட்டு, கணவர் பக்கம் திரும்பினாள்.

“டெல்மர், நான் உன்கூடவே வர்றேன். ஓட்டை ரெண்டு வண்டியிலயும்தான் இருக்கு. சாக்கட்டி வட்டம் உன்னோடதுல மட்டும்தான் இருக்கு.”