ஷாம்பெயின் நிறம்

“ஷாம்பெயின் இருக்குதா இங்கே?”

பட்டறை வாசலில் நின்றபடி போலீஸ்காரர் கேட்டதும், உள்ளே பைக் சட்டத்தை ஒட்டிக்கொண்டிருந்த வெல்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “காலங்காத்தாலயேவா சார்? அதுக்கு ரெண்டு தெரு தள்ளிப் போகணும்.”

போலீஸ்காரர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “குடிக்கிறது இல்லப்பா. கலர். வண்டிக்கு அடிக்கிறது” என்றார்.

மூலையில் டப்பாவுக்குள் குச்சியை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்த பெயிண்டர் நிமிர்ந்தார். முப்பது வருஷமாக வண்டிகளுக்கு நிறம் கலக்கும் கை. ஷாம்பெயின் என்று ஒரே பெயரைச் சொல்லி ஆளுக்கொன்றைக் கேட்பார்கள் அவரிடம். ஒருத்தர் மகளின் கல்யாணத் துணியில் ஒரு துண்டைக் கத்தரித்து வந்து இதுதான் அது என்பார். இன்னொருத்தர் காலிப் பாட்டிலையே தூக்கிக்கொண்டு வருவார். ஒரு அம்மா நாய்க்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, “இதோட முதுகு மாதிரி” என்றாள்.

அவருடைய ஒரே மகனோ, “பந்தயத்துல ஜெயிச்சவன் பாட்டிலைக் குலுக்கிப் பீய்ச்சி அடிப்பானேப்பா, அந்த நுரை மாதிரி வேணும்” என்று போன மாதம் அடம்பிடித்துத் தன் பைக்குக்கு அடித்து வாங்கிக்கொண்டான். அந்த மகன் இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை. போனும் அணைந்து கிடக்கிறது.

“ஏழு பட்டறை ஏறி இறங்கிட்டேன் அண்ணே. நிறத்தைப் பார்த்து வண்டி யாருதுன்னு சொல்றது உங்களாலதான் முடியும்கிறாங்க.” போலீஸ்காரர் கைக்குட்டையைப் பிரித்து, நகம் அளவு ஒரு பெயிண்ட் சில்லை எடுத்து நீட்டினார்.

“என்ன ஆச்சு சார்?”

“முந்தாநாள் சாயங்காலம் பாலத்துமேல விபத்து. ஒரு உயிர் போயிடுச்சு. பைக் எரிஞ்சு நம்பர் பிளேட்டெல்லாம் உருகிப்போச்சு. மிச்சம் இதுதான்.”

பெயிண்டர் சில்லை வெயிலில் பிடித்தார். வெள்ளியில் ஒரு சிட்டிகை தங்கப்பொடி, இரண்டு சொட்டுப் பழுப்பு. ஓரத்தில் மயிரிழைபோல அடிச்சிவப்பு. மகனின் பைக் முதலில் சிவப்புதான்.

சில்லைச் சட்டென்று போலீஸ்காரரிடமே திருப்பிக் கொடுத்தார். போன வருஷமும் இப்படித்தான், ரோட்டைக் கடந்த ஒரு கிழவரை இடித்துத் தள்ளிவிட்டு, போனை அணைத்துப்போட்டு, மூன்று நாள் நண்பன் வீட்டுப் பரணில் பதுங்கிக் கிடந்தான் பயல். கிழவர் பிழைத்துக்கொண்டார், காலில் விழுந்து கெஞ்சிச் சமாதானம் ஆயிற்று. இந்தத் தடவை காலில் விழவும் ஆள் இல்லை.

“பயப்படாதீங்க அண்ணே. யார் மேலயும் கேஸ் போட வரல. அந்த வீடு எதுன்னு தெரிஞ்சாப் போதும்.”

இவர்கள் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று பெயிண்டர் நினைத்துக்கொண்டார்.

“யாருக்கு என்ன கலவைன்னு நோட்டு போட்டு எழுதி வெப்பீங்களாமே. அதைக் கொஞ்சம் பாருங்களேன்.”

நோட்டைப் பிரித்தார். ‘ஷாம்பெயின் – நம்ம பையனுக்கு’ என்று அவர் கையெழுத்தே அவரைப் பார்த்து முழித்தது. அதன்மேல் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு மற்ற வரிகளைக் காட்டினார்.

“இது கையால கலந்ததே இல்ல சார். கம்பெனியிலேயே அடிச்சு வர்றது. வெளியூர் வண்டியா இருக்கும்.”

“நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. இதை விட்டா எனக்கு வேற வழி இல்ல.”

“முப்பது வருஷக் கண்ணு சார் இது. இந்த ஊர் வண்டியே இல்ல.”

வெல்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பெயிண்டர் பார்த்த பார்வையில் அதை மென்று முழுங்கிவிட்டு, முகமூடியை இறக்கிக்கொண்டு வேலையில் குனிந்தான்.

போலீஸ்காரர் சில்லை மறுபடி கைக்குட்டையில் மடித்தார். ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தார். “சரிண்ணே” என்று பெருமூச்சோடு படியிறங்கினார்.

அவர் முதுகு மறைவதற்குள் வீட்டிலிருந்து போன். “ஏங்க, அவன் போன் இன்னும் அணைஞ்சேதான் கிடக்குதுங்க. எனக்கு நெஞ்சை என்னமோ பண்ணுது.”

“எங்கேயாவது பத்திரமா இருப்பான். நீ முதல்ல சாப்பிடு. யாராவது வந்து கேட்டா, நம்ம வீட்டுல பைக்கே இல்லேன்னு சொல்லிடு.”

“என்னங்க இது, பைக்கே இல்லேன்னா?”

“சொன்னதைச் செய்யி.”

போனை வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்து தின்னர் டப்பாவுக்குள் அமுக்கினார். மை கரைந்து மேலே மிதந்தது. அப்போதுதான் அவருக்கு மூச்சே வந்தது. பெத்தவன் வேற எதுக்கு இருக்கான்? பிள்ளையைக் காப்பாத்தியாச்சு.

வெளியே, தன் வண்டியில் சாய்ந்தபடி போலீஸ்காரர் யாரிடமோ போனில் பேசுவது ஜன்னல் வழியே கேட்டது.

“எட்டாவது பட்டறையும் பார்த்தாச்சு டாக்டர், யாருக்கும் தெரியல. அந்த பைக்கை ஓட்டிட்டு வந்து செத்த பையனை, அநாதைப் பொணம்னே எழுதிக்குங்க.”