சிலை விளையாட்டு

கப்பல் வேலைக்கான உடல் பரிசோதனை முடிந்து தூத்துக்குடி வீட்டுக்குத் திரும்பிய பெனிட்டா, அறிக்கையை அம்மா ஜெசிந்தாவிடம் நீட்டினாள்.

“எம்மா, பழைய ஆஸ்பத்திரி பதிவுல பாத்தாங்களாம், சின்ன வயசுல எனக்குச் சிறுநீரகத்துல புத்துநோய் இருந்துச்சாம். கத்தியே படாம புரோட்டான் கதிர்லயே கரைச்சிட்டாங்களாம். இது வேற யாரோட ரிப்போர்ட்டோன்னு சண்ட போட்டுட்டு வாரேன்.”

மீன் கழுவிக்கொண்டிருந்த ஜெசிந்தா குழாயை மூடினாள். “ஒன்னோடதுதான். நாலு வயசுல.”

பெனிட்டா இடுப்பைத் தடவிப் பார்த்தாள். ஒரு தழும்பும் இல்லை.

“சிலை விளையாட்டு ஞாபகம் இருக்கா?” என்றாள் ஜெசிந்தா.

இருந்தது. நீல வெளிச்சம் நிறைந்த ஓர் அறை. அசையாமல் படுத்திருந்தால் ஒரு பலூன் கிடைக்கும். பன்னிரண்டு காலைகளில் பன்னிரண்டு பலூன்கள். அவ்வளவு சந்தோஷமான நாட்கள் சிறுவயதில் வேறு இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

“கடைசி நாள் வீட்டுக்கு வரமாட்டேன்னு அழுத.”

“நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு சிரிச்சிக்கிட்டே இருப்பியே!”

“நான் சிரிக்கலன்னா நீ பயந்துருப்பல்லா?”

“இத்தன வருசமா ஏம்மா சொல்லல?”

“நீ ஆசையா வச்சிருந்த ஞாபகத்த நான் எதுக்குக் கெடுக்கணும்?”

பெனிட்டா அம்மாவின் ஈரக் கைகளைத் தன் துப்பட்டாவில் துடைத்து, பக்கத்தில் உட்கார வைத்தாள். “இப்ப சொல்லு. மொத நாள்லேருந்து, ஒண்ணும் விடாம.”

ஜெசிந்தா சொல்லத் தொடங்கினாள். மூன்றாம் நாளுக்கு வருவதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பதினெட்டு ஆண்டுகளில் அவள் அதற்காக அழுதது அன்றுதான். அவர்கள் சாப்பிட உட்காரும்போது மணி மூன்றாகியிருந்தது.